வேலன் ஜென்னிங்ஸின் அடி: பெங்களூரில் அந்தச் சத்தத்தைக் கட்டிக்கொள்ள

அமெரிக்கக் கன்ட்ரி இசைப் பாடகர், கிடார்க்காரர் வேலன் ஜென்னிங்ஸ். பெயரிலிருந்தே ஆரம்பிக்கலாம். 'வேய்லன்' என்று இழுத்துச் சொல்ல வேண்டிய பெயர். தமிழ் நாக்கு அதை வேலன் ஆக்கிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடும். ஆடிக் கிருத்திகைக்குக் காவடி தூக்கும் அல்சூர்ப் பக்கம் அந்தப் பெயர் யாருக்கும் உறுத்தாது. முருகனும் கோபித்துக்கொள்ள மாட்டான். அவனே வீட்டில் சண்டை போட்டுவிட்டுத் தனி மலையில் போய் உட்கார்ந்தவன்தானே. டெக்சஸ் மாநிலத்து லிட்டில்ஃபீல்டில் 1937 ஜூன் 15ல் பிறந்த இந்த வேலன் செய்ததும் ஏறக்குறைய அதுதான்.

கன்டோன்மென்ட் பக்கத்துத் தமிழ் வீடுகளில் கன்ட்ரி இசை என்றால் முதலில் ஜிம் ரீவ்ஸ். டிசம்பர் வந்தால் கேரல் ரவுண்ட்ஸ், ரோஸ் குக்கி, ஜிம் ரீவ்ஸ். பட்டுத் துணி மாதிரி குரல், பின்னால் வயலின் கூட்டம், அதற்கும் பின்னால் மெல்லிய கோரஸ். ஆர்சிஏ ரெக்கார்டு கம்பெனியில் அந்தச் சமையலைச் செய்தவர் செட் ஆட்கின்ஸ். 1965ல் வேலனை ஆர்சிஏவுக்குள் கொண்டுவந்தவரும் அவரேதான். அடுப்பு அதே, பாத்திரம் அதே. இவருக்குத்தான் அந்தச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை. கம்பெனி ஸ்டுடியோ, கம்பெனி அமர்த்திய வாத்தியக்காரர்கள், கம்பெனி தேர்ந்த பாட்டு என்று ஏழு வருஷம் ஓடியது. 1972ல் ஒப்பந்தத்தைத் திருத்தி, என்ன பாட்டு, யார் வாசிப்பது என்று முடிவுசெய்கிற உரிமையைக் கையில் வாங்கினார். ஊர் ஊராகத் தன்னோடு பஸ்ஸில் வந்த வேலர்ஸ் குழுவையே ரெக்கார்டிங்குக்கும் கூட்டிப்போனார். 1973ல் வந்த 'ஹாங்கி டாங்க் ஹீரோஸ்' ஆல்பத்தில் ஒரே ஒரு பாட்டு தவிர மற்றதெல்லாம் பில்லி ஜோ ஷேவர் எழுதியது. அவுட்லா கன்ட்ரி (கம்பெனிக்கு அடங்காத கன்ட்ரி) என்று பிறகு சொன்ன சங்கதியின் எலும்பு அந்த ஆல்பத்தில் இருக்கிறது.

விமானக் கதை எல்லாருக்கும் தெரியும்: 1959, பாடகர் பட்டி ஹோலி இறந்த விமான விபத்து, அதில் வேலன் இன்னொருவருக்கு விட்டுக்கொடுத்த சீட். அதை இங்கே திரும்ப எழுதப்போவதில்லை. 2002 பிப்ரவரி 13ல் போன மனிதருக்கு இன்னும் ரசிகர்கள் சேர்ந்துகொண்டே இருப்பதற்குக் காரணம் அந்தக் கதை இல்லை. காரணம் சத்தம். அந்தச் சத்தத்தைப் பெங்களூரில், நம் வீட்டு 230 வோல்ட்டில், நம்மூர் மழையில் எப்படிக் கொண்டுவருவது என்பதுதான் விஷயம்.

கேட்பதற்கு முதலில் எதை எடுப்பது? 1976ல் வந்த 'வான்டட்! தி அவுட்லாஸ்'தான் பெரும்பாலும் கைக்குக் கிடைக்கும். கன்ட்ரி இசையில் முதன்முதலாகப் பிளாட்டினம் வாங்கிய ஆல்பம். ஆனால் அது வில்லி நெல்சன், ஜெஸ்ஸி கோல்டர், டாம்பால் கிளேசரோடு சேர்ந்த தொகுப்பு. பெரும்பாலும் ஏற்கெனவே வெளிவந்த பாட்டுகள். கலந்த சாதம். வேலன் சத்தம் தனியாக வேண்டுமென்றால் 'ஹாங்கி டாங்க் ஹீரோஸ்' ஒன்று, 1975ல் ஜாக் கிளமென்ட்டோடு சேர்ந்து தயாரித்த 'டிரீமிங் மை டிரீம்ஸ்' இன்னொன்று. இரண்டாவதன் முதல் பாட்டைப் போட்டு, குரலை விட்டுவிட்டு, கீழே காலடியில் என்ன நடக்கிறது என்று மட்டும் கேளுங்கள்.

அங்கேதான் இருக்கிறது எல்லாம். வேலர்ஸ் டிரம்மர் ரிச்சி ஆல்பிரைட்டின் கிக் டிரம் (காலால் மிதித்து அடிக்கிற பெரிய டிரம்) ஒவ்வொரு எண்ணுக்கும் விழுகிறது: 1, 2, 3, 4, விடாமல். வழக்கமான கன்ட்ரி ஷஃபிள் நம் கணக்கில் திஸ்ர நடை. 'தகிட'வில் நடு எழுத்தை விழுங்கினால் வருகிற 'த-ட, த-ட' நொண்டி நடை. இந்தப் பாட்டில் அது இல்லை. சதுஸ்ரம், 'தகதிமி', ஒவ்வொரு 'த'விலும் கிக். கொன்னக்கோல் பழகினவர்கள் வாயால் ஒரு நிமிஷம் சொல்லிப் பார்த்துவிட்டு டிரம்ஸில் உட்கார்ந்தால் பாதி வேலை முடிந்தது. மற்றவர்கள் 'த-ட'வுக்கே நழுவுவார்கள். கன்ட்ரி என்றதும் கை தானாக அங்கே போகும்.

கிக் சரியாக விழச் சில காரியங்கள். 22 அங்குல டிரம் என்றால் அடிக்கிற பக்கத்துத் தோலின் திருகுகளை எல்லாம் விரலால் இறுகும்வரை திருகி, பிறகு ஒவ்வொன்றையும் எதிரெதிராக அரைச் சுற்று. அதற்கு மேல் வேண்டாம். இறுகினால் 'டூம்' என்று இழுக்கும், நமக்கு வேண்டியது 'தொம்' என்று நின்றுவிடுகிற சத்தம். உள்ளே ஒரு பழைய ஜமுக்காளத்தை மடித்து, இரண்டு தோலையும் லேசாகத் தொடுகிற மாதிரி வையுங்கள். பீட்டரின் (மிதிகட்டையில் உள்ள சுத்தியின்) ஃபெல்ட் பக்கம் அடிக்கட்டும். பிளாஸ்டிக் பக்கம் 'டிக்' சேர்த்துவிடும். ஹை-ஹாட் மூடியே. ஸ்னேர் இரண்டிலும் நான்கிலும், அதுவும் அடக்கமாக. கிராஷ் சிம்பலைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிட்டு வருவது உத்தமம். கண்ணெதிரே இருந்தால் கை சும்மா இருக்காது.

பேஸ் கிடார் அந்தக் கிக்கின் மேலேயே உட்கார வேண்டும். ஆதார ஸ்வரம், பஞ்சமம், ஆதார ஸ்வரம், பஞ்சமம், அவ்வளவுதான். பிரிட்ஜுக்கு (தந்திகள் உடலில் ஊன்றும் இடம்) பக்கத்தில் தந்திகளுக்கு அடியில் ஒரு துண்டு ஸ்பாஞ்சைச் செருகினால் ஸ்வரம் நீளாமல் நிற்கும். வேகம் தெரியாவிட்டால் ஒரிஜினலைப் போட்டு 15 விநாடிக்கு எத்தனை கிக் என்று எண்ணி நாலால் பெருக்குங்கள், மெட்ரோனோமில் வையுங்கள். மூன்றாவது சரணத்துக்குள் எல்லாக் குழுவும் ஓட ஆரம்பிக்கும். காரணம் சலிப்பு. "என்னண்ணா, பாட்டு முழுக்க இதேதானா?" என்று டிரம்மர் தம்பி கேட்பார். ஆமாம் தம்பி, இதேதான். நிரப்ப இடம் இருக்கிறதே என்று நிரப்பினால், வேலன் ஏழு வருஷம் சண்டை போட்டு வெளியே தள்ளியதை நாம் பின்வாசல் வழியாக உள்ளே விட்டதாக ஆகும்.

இனி கிடார். வேலனுடையது 1953ல் செய்த ஃபெண்டர் டெலிகாஸ்டர். செகண்ட் ஹேண்டில் வாங்கி வேலர்ஸ் குழுவினர் பரிசாகக் கொடுத்தது. தந்தி பலகையை அறைகிற அந்த 'சடக்' வரவேண்டும் என்பதற்காக ஃப்ரெட்டுகளையே (கழுத்தின் குறுக்கே பதித்த கம்பிகள்) அரத்தால் ராவித் தந்தியைத் தாழ்த்தினார். நீங்கள் அரத்தைத் தொட வேண்டாம். ராவின ஃப்ரெட் திரும்ப வளராது; மாற்றுவதென்றால் செலவு கையைக் கடிக்கும். அதே விளைவைத் தந்தி உயரத்திலேயே கொண்டுவரலாம்.

முதலில் கழுத்து வளைவு. முதல் ஃப்ரெட்டில் கேபோ (எல்லாத் தந்தியையும் சேர்த்து அழுத்தும் கிளிப்), கழுத்து உடலைச் சேருமிடத்து ஃப்ரெட்டில் ஒரு விரல். நடுவில், ஏழு எட்டாம் ஃப்ரெட் பக்கம், தந்திக்கும் ஃப்ரெட்டுக்கும் இடையே 0.25 மிமீ, அதாவது ஒரு விசிட்டிங் கார்டு நுழைகிற சந்து இருக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் பிரிட்ஜ். 12ஆம் ஃப்ரெட்டில் தந்தியின் அடிப்பக்கம் வரை வழக்கமான உயரம் 1.6 மிமீ. சேடில் (பிரிட்ஜில் தந்தி உட்காரும் துண்டு) திருகுகளைச் சின்ன ஆலன் கீயால் கால் கால் சுற்றாக இறக்கி 1.2 அல்லது 1.3க்குக் கொண்டுவாருங்கள். தடித்த தந்திகளை விரலால் பலமாகச் சுண்டினால் ஃப்ரெட்டில் பட்டுத் திரும்ப வேண்டும். மெதுவாக வாசித்தால் படக் கூடாது. மெதுவாக வாசித்தாலே கரகரத்தால் அளவு தாண்டிவிட்டீர்கள், கால் சுற்று ஏற்றுங்கள். தந்தி 10-46 செட் (மெல்லியதும் தடித்ததும், அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்) நல்லது. 9 போட்டால் இவ்வளவு தாழ்வில் அடங்காமல் துள்ளும்.

இதில் பலர் மறப்பது பிக்கப்பை, அதாவது தந்தி அதிர்வை மின்சாரமாக்கும் காந்தத்தை. தந்தி கீழே வந்தால் காந்தத்துக்குப் பக்கத்திலும் வந்துவிடும். காந்தம் தந்தியை இழுக்கும். சுருதி கூட்டியிருந்தும் மேல் ஃப்ரெட்டுகளில் இரண்டு ஸ்வரம் கலந்தடித்த மாதிரி அலையும். டியூனரையும் தந்தியையும் திட்டுவதற்கு முன், கடைசி ஃப்ரெட்டில் தந்தியை அழுத்திப் பிடித்துக்கொண்டு பிக்கப் வரை அளந்து பாருங்கள். தடித்த பக்கம் 2.4 மிமீ, மெல்லிய பக்கம் 2 மிமீ இருந்தால் போதும்.

பெங்களூரின் வறட்சியான பிப்ரவரி, மார்ச்சில் பலகை சுருங்கி ஃப்ரெட் நுனிகள் ஓரத்தில் கையைக் கீறும். மழை பிடித்ததும் அடங்கிவிடும். கழுத்து வளைவும் சீசனோடு மாறும். வருஷத்தில் இரண்டு தடவை, கோடை தொடங்கும்போது ஒன்று, மழை நின்றதும் ஒன்று, விசிட்டிங் கார்டை எடுத்து அளப்பது பழக்கமாக இருக்கட்டும்.

வாசிப்பு முறையில் ஒரு குறிப்பு. தாளப் பகுதிக்குக் கட்டை விரலும் மற்ற விரல்களும், லீட் ஓட்டங்களுக்குப் பிக் என்பது அவர் வழி. தடித்த தந்திகளில் ஹேமர்-ஆன் (இடது விரலைத் தட்டியே ஸ்வரம் எழுப்புவது), புல்-ஆஃப் (விரலை இழுத்து எடுத்து எழுப்புவது). மேலே போனால் இரண்டு தந்தியைச் சேர்த்துச் சுண்டுவது. பிரிட்ஜ் பிக்கப் மட்டும். வேகமாக ஓடுகிற விரல் இதில் எதற்கும் உதவாது.

ஃபேசர் பெடல் (சத்தத்தை அலையடிக்க வைக்கிற, காலால் மிதிக்கும் பெட்டி) இல்லாமல் அந்தச் சத்தம் வராது. அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது எம்எக்ஸ்ஆர் ஃபேஸ் 100. ஒரு வேகக் குமிழ், அழுத்தத்துக்கு நாலு நிலை மாற்றி. அதன் தம்பி ஃபேஸ் 90ல் வேகக் குமிழ் ஒன்றுதான். அதிலும் ஓரளவு கிட்டே போகலாம். குமிழைக் கடிகாரத்தில் 9 மணி காட்டுகிற இடத்தில் வையுங்கள். பாட்டின் ஒரு ஆவர்த்தனத்துக்கு ஒரு அலை எழுந்து அடங்கினால் சரி. நூற்றுக்குத் தொண்ணூறு பேர் செய்கிற தப்பு, வேகத்தை 12 மணிக்குக் கொண்டுபோவது. அப்போது கிடார் தண்ணீருக்குள் முங்கிக் குளறும், கிக்கின் நேர்கோடு கலைந்துவிடும். அலை இருக்கிறது என்று கேட்பவருக்கு உறைக்கவே கூடாது. பெடலை அணைத்தால் என்னவோ குறைகிறதே என்று தோன்ற வேண்டும்.

வரிசை: கிடார், டியூனர், ஃபேசர், ஆம்ப். டிஸ்டார்ஷன் வேண்டாம். ரிவெர்பை ஃபேசருக்கு முன்னால் வைத்தால் எதிரொலியும் சேர்ந்து அலையடித்துச் சேறாகும். ஆம்பிலுள்ள ரிவெர்பே போதும், அதுவும் 2க்கு மேல் தேவையில்லை. ஆம்ப் சுத்தமான சத்தம் தருகிற வகையாக இருக்கட்டும். டிரெபிள் 6, மிட் 4, பேஸ் 4ல் தொடங்கிக் காதுக்கு ஏற்ப நகர்த்துங்கள்.

அடாப்டர் விஷயத்தில் கவனம். பெடலுக்கு வேண்டியது 9 வோல்ட் டிசி, நடுவில் நெகட்டிவ். வீட்டில் கிடக்கும் கீபோர்டு அடாப்டர் 12 வோல்ட்டாக இருக்கலாம், நடுவில் பாசிட்டிவாகவும் இருக்கலாம். பின் பொருந்துகிறதே என்று செருகினால் பெடல் போயே போயிற்று. எஸ்.பி. ரோட்டில் வாங்கும்போது ரெகுலேட்டட் என்று கேட்டு வாங்குங்கள். கையோடு மல்ட்டிமீட்டரில் காட்டச் சொல்லுங்கள். சுமை இல்லாதபோது 9 என்று எழுதியது 13 காட்டினால் அது ரெகுலேட்டட் இல்லை. ஆம்பில் 'ம்ம்ம்' என்று ரீங்காரமும் இலவசமாக வரும்.

ரீங்காரம் என்றதும் பழைய வீடுகளின் எர்த். டெலிகாஸ்டரின் சிங்கிள் காயில் பிக்கப் மின்சார இரைச்சலைச் சும்மாவே வாரிக்கொள்ளும். ஃபேசர் அந்த இரைச்சலையும் அலையாக்கி 'ஸ்ஸ்வ்வ்' என்று காட்டிக்கொடுத்துவிடும். குக் டவுன், ரிச்சர்ட்ஸ் டவுன் ஓட்டு வீடுகள் சிலவற்றில் மூன்று துளை சாக்கெட் இருக்கும், மூன்றாவது துளைக்குப் பின்னால் ஒயரே இருக்காது. மல்ட்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்துப் பாருங்கள். ஃபேசுக்கும் எர்த்துக்கும் 230 ஒட்டி வர வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இரண்டு மூன்று வோல்ட்டுக்குள். முதல் அளவு 100, 120 என்று தொங்கினால் எர்த் அந்தரத்தில் நிற்கிறது என்று அர்த்தம். எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். ஆம்ப் பிளக்கின் எர்த் பின்னை ஒடித்து ரீங்காரத்தை நிறுத்தும் வைத்தியம் ஒன்று உலவுகிறது. அதைச் செய்தால், ஒரு கை தந்தியில் இருக்க உதடு மைக்கில் படும்போது பாடகர் உயிருக்கே ஆபத்து. எர்த் சரியாக இருந்தும் இரைச்சல் போகாவிட்டால் லைட் டிம்மரை அணைத்து, ஆம்பிலிருந்து இரண்டடி தள்ளி, கிடாரைப் பிடித்தபடி உடம்பைக் கால் வட்டம் திருப்புங்கள். ஒரு திசையில் சட்டென்று அடங்கும். அங்கே நின்றே வாசியுங்கள். கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் கத்தினால் அது ஸ்கொயர் வேவ் வகை. பியூர் சைன் வேவ் வேண்டும்.

ஸ்டீல் கிடார் பற்றிச் சுருக்கமாக. 1970லிருந்து வேலர்ஸில் பெடல் ஸ்டீல் (படுக்கவைத்து, தந்தி மேல் இரும்புக் கட்டையை நகர்த்தி வாசிக்கும் கிடார்) வாசித்தவர் ரால்ஃப் மூனி. இங்கே பெடல் ஸ்டீல் தேடி அலைவதைவிட, விலை குறைந்த கிடார் ஒன்றின் நட்டுக்கு (கழுத்து நுனியில் தந்திகளைத் தாங்கும் துண்டு) மேல் அதை உயர்த்தும் துண்டைப் போட்டு, தந்தியை 8 மிமீக்குத் தூக்கி, மடியில் வைத்து வாசிப்பது மேல். கண்ணாடிக் குழாய் வேண்டாம், கனமான இரும்புக் கட்டை. கட்டையின் மையம் ஃப்ரெட் கம்பிக்கு நேர் மேலே நிற்க வேண்டும். வழக்கமாக விரல் வைப்பது போல இரண்டு கம்பிகளுக்கு நடுவில் வைத்தால் சுருதி குறையும். ஹவாயன் கிடார் வாசித்த பெரியவர் யாராவது தெருவில் இருந்தால் காலில் விழுந்து கூட்டிவாருங்கள். குரல் அடங்குகிற இடத்தில் மட்டும் வாசிக்கும்படி அவரைச் சம்மதிக்க வைப்பதுதான் கஷ்டம்.

இப்போது தோல். வேலன் கிடாரைப் பார்த்தவுடன் அடையாளம் சொல்ல வைப்பது அந்தத் தோல் உறைதான்: கறுப்புப் பின்னணி, வெள்ளைப் பூவேலை. குழுவினர் போட்டுக்கொடுத்தது. பாட்டில் ஒரு பூ வைக்க விடாத மனிதர் கிடாருக்கு மட்டும் உடம்பு பூராவும் பூ வைத்தார். உலகம் முழுக்க ரசிகர்கள் இதைச் செய்து பார்க்கிறார்கள், அதில் தமிழர்களுக்கு ஒரு வசதி உண்டு. பெங்களூரிலிருந்து சென்னை போகிற ரயில் பாதையிலேயே வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை வட்டாரம்.

ஆனால் அங்கே போய்த் தோல் என்று மட்டும் கேட்டால் ஷூ தைக்கிற, குரோம் உப்பில் பதனிட்ட தோலைத்தான் எடுத்துப்போடுவார்கள். மெத்தென்று அழகாக இருக்கும். பூ மட்டும் பதியாது, அழுத்தின தடம் மறுநாள் மறைந்துவிடும். கேட்க வேண்டியது தாவரப் பதனிட்ட தோல். ஈ.ஐ. (ஈஸ்ட் இந்தியா) தோல் என்று தமிழ்நாட்டுக்கே பெயர் வாங்கிக்கொடுத்த சரக்கு. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட பரம்பரை. பூவேலைக்கு மாட்டுத் தோலாக, 2 மிமீ கனம். பக்கவாட்டுப் பட்டைக்கு 1.2 மிமீ போதும். டெலிகாஸ்டர் உடம்பு சுமார் 41 செமீ நீளம், 32 செமீ அகலம், 4.5 செமீ கனம். முன்பக்கம், பின்பக்கம், சுற்றிலும் 1.3 மீட்டருக்கு ஒரு பட்டை. வெட்டு வீணோடு சேர்த்து 6 சதுர அடி வாங்கினால் கையைக் கடிக்காது.

கிடாரைப் பிரித்துவிட்டுக் காகிதத்தில் அச்சு எடுங்கள். தோலை ஈர ஸ்பாஞ்சால் துடைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். மேல்நிறம் பழைய நிறத்துக்குத் திரும்பி, கன்னத்தில் வைத்தால் சில்லென்று இருக்கிற பதம்தான் பூ பதிக்கிற பதம். முந்தினால் தோல் குழையும், பிந்தினால் கீறல் விழும். அந்த ஈரத்தில் இரும்பு ஆணியோ பழைய பிளேடோ பட்டால் நீலக் கறுப்பாகக் கறை பிடிக்கும். பட்டையின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் மைதான். எவர்சில்வர் அல்லது பித்தளைக் கருவி, மர மேசை. நன்றாக உலர்ந்தபின் பின்னணிக்குக் கறுப்புச் சாயம், பூவுக்கு வெள்ளை அக்ரிலிக். சாயம் முதலில், வெள்ளை பிறகு.

ஓரத்திலிருந்து 4 மிமீ உள்ளே, 5 மிமீக்கு ஒரு துளை. இரண்டு ஓரமும் சேர்த்து 2.6 மீட்டர் தையலுக்கு, 3 மிமீ தோல் வார் 9 முதல் 10 மீட்டர் பிடிக்கும். ஒரே நீளமாக எடுத்தால் துளைக்குள் போய்ப் போய் நைந்துவிடும். 2 மீட்டர் துண்டுகளாக வெட்டி இணைத்துக்கொள்ளுங்கள். பசை வேண்டாம். ரப்பர் சொல்யூஷன் பழைய லாக்கர் பெயின்ட்டைக் கரைத்துவிடும், பிறகு தோலைக் கழற்றவும் முடியாது. இழுத்துக் கட்டிய வாரே உறையைப் பிடித்துக்கொள்ளும்.

எங்கே தோல் இருக்கக் கூடாது என்பதுதான் முக்கியம். கழுத்து உட்காரும் பள்ளத்துக்குள் ஒரு நூல் தோலும் போகக் கூடாது. போனால் கழுத்து கோணும், மேலே சொன்ன 1.2 மிமீ எல்லாம் கனவு. பிரிட்ஜ் தகட்டுக்கு அடியிலும் கூடாது. 2 மிமீ தோல் தகட்டை 2 மிமீ தூக்கும். அதைச் சரிக்கட்ட சேடில்களை இறக்கப் போனால் அவை தகட்டில் முட்டி நிற்கும். சில டெலிகாஸ்டர்களில் அந்தத் தகட்டுக்கு அடியில்தான் எர்த் ஒயர் தொட்டுக்கொண்டிருக்கும். நடுவில் தோல் வந்தால் தொடர்பு அறுந்து, தந்தியைத் தொட்டாலும் அடங்காத ரீங்காரம். தகட்டின் வடிவத்துக்கே தோலை வெட்டி எடுங்கள். மழைக்காலத்தில் பிளாஸ்டிக் கேசுக்குள் பூட்டி வைத்தால் வெள்ளைப் பூவுக்குப் பக்கத்தில் வெள்ளைப் பூஞ்சையும் பூக்கும். வெளியே, சுவரை ஒட்டாமல், ஸ்டாண்டில் வையுங்கள்.

வாத்தியம் வாசிக்காத ரசிகர்களுக்கு எல்பி. சிக்பேட் பக்கத்து சண்டே பஜாரில் குனிந்து தேடுகிறவர்களுக்கு ஓர் அடையாளம்: ஆர்சிஏவின் எழுபதுகளின் தொடக்கத்து அமெரிக்க அச்சுகளில் லேபிள் ஆரஞ்சு; 1975, 76 வாக்கில் பழுப்பு; அதன் பிறகு நாய் படத்தோடு கறுப்பு. 'ஹாங்கி டாங்க் ஹீரோஸ்' எண் ஏபிஎல்1-0240, 'வான்டட்! தி அவுட்லாஸ்' ஏபிஎல்1-1321. ஆரஞ்சு லேபிள் தட்டு கையில் எடுத்தால் தளதளவென்று அப்பளம் போல வளையும். டூப்ளிகேட் என்று கீழே போட்டுவிடாதீர்கள். டைனாஃப்ளெக்ஸ் என்று ஆர்சிஏ வேண்டுமென்றே மெல்லியதாக அச்சடித்த காலம் அது. காரின் பின்சீட்டில் வெயிலில் விட்டால் மட்டும் நிஜமாகவே அப்பளமாகிவிடும்.

சுத்தம் செய்ய: பேட்டரிக் கடை டிஸ்டில்ட் வாட்டர் 750 மிலி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் 250 மிலி, பாத்திரம் துலக்கும் திரவம் இரண்டு சொட்டு. மென்மையான பிரஷால் பள்ளத்தின் போக்கிலேயே துடைத்து, வெறும் டிஸ்டில்ட் வாட்டரில் இன்னொரு முறை. லேபிள் நனையக் கூடாது. இதே கலவையைத் தாத்தாவின் 78 ஆர்பிஎம் தட்டில் போட்டுவிடாதீர்கள். அது அரக்கு, ஆல்கஹாலில் கரையும்.

அமெரிக்காவிலிருந்து மாமா கொண்டுவந்த பழைய டர்ன்டேபிளில்தான் பெரிய பொறி. 110 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் போட்டாயிற்று, சுற்றுகிறது, ஆனால் வேலன் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது. டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டைத்தான் குறைக்கும். 60 ஹெர்ட்ஸுக்குச் செய்த ஏசி மோட்டார் நம் 50 ஹெர்ட்ஸில் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் சுற்றும். 33⅓ போய் 27.8 சுற்று; சுருதி மூன்று ஸ்வரஸ்தானத்துக்குச் சற்று அதிகமாகவே இறங்கிவிடும். ஏற்கெனவே கட்டைக் குரல், கேட்கவா வேண்டும். 50 ஹெர்ட்ஸ் புல்லி மாற்ற வேண்டும், டிரான்ஸ்ஃபார்மரால் ஆகாது. ஸ்ட்ரோப் தட்டு (விளக்கொளியில் கோடுகள் நிலையாக நிற்பதை வைத்து வேகம் பார்க்கும் தட்டு) வைத்துச் சோதிப்பவர்களும் ஏமாறலாம்: நம்மூர் மின்சாரத்துக்கு 180 கோடு உள்ள வளையம், 216 கோடு அமெரிக்க வளையம். நம் விளக்கில் 216 நிலையாக நின்றால் தட்டு 27.8ல்தான் சுற்றுகிறது. விளக்கும் பழைய சோக் வைத்த டியூப்லைட்டாக இருக்கட்டும். நல்ல எல்இடி மினுக்காது, கோடும் தெரியாது.

அவர் பிறந்தநாளான ஜூன் 15ல் வீட்டு மாடியிலோ ஹாலிலோ நாலு பேர் சேர்ந்து வாசிப்பதாக இருந்தால் ஏழு மணிக்கு ஆரம்பித்துவிடுங்கள். 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது சட்டம். பக்கத்து வீட்டு ஆன்ட்டிக்கு அது 9:45க்கே ஞாபகம் வரும். மழை மாதம், மாடி என்றால் ஆம்பும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் தரையில் வேண்டாம், ஸ்டூல் மேல். வேகமான பாட்டுகளை முதலில் வைக்காதீர்கள். டிரம்மரின் கால் சூடாகி நிதானத்துக்கு வர இரண்டு பாட்டு ஆகும்.

பாடுகிறவருக்கு ஒரு வேண்டுகோள். தொண்டையைக் கரகரப்பாக்கி நடிக்க வேண்டாம். நாலாவது பாட்டில் குரல் போய்விடும். வேலன் நெஞ்சிலிருந்து முழுக்குரலில் பாடினார், ஒவ்வொரு வரியையும் தாளத்துக்கு ஒரு மயிரிழை பின்னால் போட்டார். கிக் காத்திருக்காது, குரல் மட்டும் அவசரப்படாமல் வரும். சர்ச் கொயரில் பழகின குரல்கள் இதைச் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். பாட்டு வாத்தியாரிடம் பழகினவர்கள் வரி முடிவில் ஒரு கமகம் வைப்பார்கள். அதை அன்றைக்கு மட்டும் வீட்டில் விட்டுவிட்டு வரட்டும். அவருடைய சுருதியிலேயே பாடியாக வேண்டும் என்றும் இல்லை. கேபோ எதற்கு இருக்கிறது?

முடிந்ததும் தந்திகளை உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு, ஃபேசரைப் பேட்டரியில் ஓட்டியிருந்தால் இன்புட் கேபிளை உருவி எடுத்துவிட்டுப் படுங்கள். செருகியே விட்டால் கால் சுவிட்சை அணைத்திருந்தாலும் பேட்டரி ஓடிக்கொண்டேதான் இருக்கும்.